முதல் புல் ரிக்வெஸ்ட்டுக்கு முன்னும் பின்னும்: ஓப்பன் சோர்ஸ் திட்டங்களில் பழகும் முறை

ஓப்பன் சோர்ஸ் திட்டத்தில் சேர விண்ணப்பம் கிடையாது, நேர்காணல் கிடையாது. நிரல் கண்முன் இருக்கிறது, திருத்தி அனுப்பலாம். ‘என் மாற்றத்தைச் சேர்த்துக்கொள்ளுங்கள்’ என்று அனுப்பும் கோரிக்கைக்குத்தான் புல் ரிக்வெஸ்ட் என்று பெயர். ஆனால் அனுப்பியதை ஒருவர் உட்கார்ந்து படிக்க வேண்டும், ஓட்டிப் பார்க்க வேண்டும், ஏற்றுக்கொண்டால் அடுத்த பல வருடங்களுக்கு அதைச் சுமக்க வேண்டும். பல திட்டங்களில் அந்த ஒருவர், அதாவது பராமரிப்பாளர், தன் வேலை நேரம் முடிந்த பிறகு, சம்பளம் இல்லாமல் இதைச் செய்கிறார். 2014-ல், இணையத் தொடர்பை மறையாக்கம் செய்யும் ஓப்பன்எஸ்எஸ்எல் நிரலில் ஹார்ட்பிளீட் என்ற பாதுகாப்பு ஓட்டை வெளியானபோதுதான், இணையத்தின் பெரும்பகுதி நம்பியிருந்த அந்த நிரலை விரல்விட்டு எண்ணக்கூடிய சிலரே பார்த்துக்கொண்டிருந்தார்கள் என்பது பலருக்குத் தெரியவந்தது. இங்கே தட்டுப்பாடு பராமரிப்பாளரின் நேரத்துக்குத்தான். கீழே சொல்லப்படும் வழக்கங்களில் பெரும்பாலானவை அந்த நேரத்தைக் காப்பாற்றப் பிறந்தவை. அதை மனதில் வைத்துக்கொண்டால், எங்கும் எழுதப்படாத விதிகளையும் நீங்களே ஊகித்துவிடலாம்.

வாசலில் இருக்கும் ஐந்து கோப்புகள்

களஞ்சியத்தை (திட்டத்தின் கோப்புகள் எல்லாம் இருக்கும் இடத்தை) திறந்ததும் நிரலுக்குள் பாயாமல் மேல்மட்டத்தில் கிடக்கும் கோப்புகளை வாசியுங்கள். அரை மணி நேரம் போதும். ரீட்மீ, திட்டம் எதற்காக என்று சொல்லும். லைசென்ஸ், நீங்கள் தரும் நிரல் எந்த உரிமத்தின்கீழ் போகும் என்று சொல்லும். செக்யூரிட்டி கோப்பு, பாதுகாப்பு ஓட்டை கண்ணில் பட்டால் யாருக்கு எழுத வேண்டும் என்பதற்கு. புதியவருக்கு முக்கியமானது கான்ட்ரிபியூட்டிங் கோப்பு: நிரலின் எந்தக் கிளையிலிருந்து (தனியே வளரும் பிரதியிலிருந்து) தொடங்குவது, சோதனைகளை எப்படி ஓட்டுவது, பேட்சை (நீங்கள் செய்த மாற்றத்தை) எந்த வழியில் அனுப்புவது எல்லாம் அதில்தான் இருக்கும். எல்லாத் திட்டமும் கிட்ஹப் (நிரல்களை வைத்துப் பகிரும் இணையதளம்) வழியாக வரும் புல் ரிக்வெஸ்ட்டை ஏற்பதில்லை. லினக்ஸ் இயங்குதளத்தின் மையநிரலான கெர்னலுக்குப் பேட்ச்கள் இன்றும் மின்னஞ்சலில்தான் போகின்றன, அதுவும் வெறும் உரையாக. எச்டிஎம்எல் வடிவில் அனுப்பினால் அந்த மடல் போய்ச் சேரவே சேராது.

ஐந்தாவது கோப்பு கோட் ஆஃப் காண்டக்ட், அதாவது நடத்தை விதி. பலர் இதைத் திறப்பதே இல்லை. பல திட்டங்கள் 2014-ல் வெளியான ‘கான்ட்ரிபியூட்டர் காவனன்ட்’ என்ற பொது வாசகத்தை அப்படியே அல்லது சிறு மாற்றத்தோடு வைத்திருக்கின்றன. கரடுமுரடான பேச்சுக்குப் பெயர்போன லினக்ஸ் கெர்னலே 2018 செப்டம்பரில் அதைத் தழுவிய விதியை ஏற்றுக்கொண்டது. தனிமனிதத் தாக்கு, கேலி, விரும்பத்தகாத பாலியல் பேச்சு, அடுத்தவரின் முகவரி போன்ற சொந்தத் தகவலை வெளியிடுவது ஆகியவை கூடாது என்பது யாருக்கும் புதிதல்ல. கவனிக்க வேண்டியவை வேறு இரண்டு. ஒன்று, விதி எங்கெல்லாம் செல்லும் என்பது: திட்டத்தின் பெயரால் நீங்கள் பேசும் மாநாட்டு மேடைக்கும் சமூக ஊடகக் கணக்குக்கும்கூட அது பொருந்தும். இரண்டு, புகாரை யாருக்கு அனுப்புவது என்ற முகவரி. அந்த இடத்தில் முகவரியை நிரப்பாமல் மாதிரி வாசகமே அப்படியே கிடந்தால், அந்தத் திட்டத்தில் விதி காகிதத்தோடு சரி என்று எடுத்துக்கொள்ளலாம்.

அடுத்து, கடைசியாக மூடப்பட்ட இருபது புல் ரிக்வெஸ்ட்டுகளைப் புரட்டுங்கள். யார் ரிவ்யூ செய்கிறார்கள் (படித்துச் சரிபார்க்கிறார்கள்), பதில் வர இரண்டு நாளா இரண்டு மாதமா, எவை மறுக்கப்பட்டன, என்ன காரணம் சொன்னார்கள் என்பதெல்லாம் அங்கே தெரிந்துவிடும். எந்தக் கோப்பும் சொல்லாத வழக்கம் அங்கேதான் இருக்கிறது. கடைசி கமிட் (களஞ்சியத்தில் பதிந்த மாற்றம்) மூன்று வருடத்துக்கு முந்தையது என்றால், உங்கள் உழைப்பை வேறெங்காவது கொண்டுபோவது நல்லது.

கேள்வி கேட்பது

வழுக்களுக்கு, அதாவது நிரலின் தவறுகளுக்கு, களஞ்சியத்தின் இஷ்யூ பக்கம். ‘இதை எப்படிச் செய்வது’ வகைக் கேள்விகளுக்கு அரட்டை அறை அல்லது கலந்துரையாடல் பகுதி. இடம் மாறிக் கேட்டால் பதில் வராமல் போவதோடு, அதை மூடி, சரியான இடத்தைக் காட்டும் வேலையும் ஒருவர் தலையில் விழும். ஒரே கேள்வியை ஒரே நேரத்தில் மூன்று இடங்களில் போடாதீர்கள். ஓரிடத்தில் பதில் வந்தது தெரியாமல் இன்னொரு இடத்தில் வேறொருவர் உங்களுக்காக ஒரு மணி நேரம் செலவழித்துக்கொண்டிருப்பார். பராமரிப்பாளருக்குத் தனிச்செய்தி அனுப்புவதும் வேண்டாம். பொதுவில் ஒருமுறை சொன்ன பதில் அடுத்து வரும் நூறு பேருக்கும் தேடலில் கிடைக்கும். தனியே சொன்னது உங்களோடு முடிந்துவிடும்.

அரட்டை அறையில் ‘ஹலோ’ என்று மட்டும் எழுதிவிட்டுக் காத்திருப்பதும், ‘ஒரு சந்தேகம், கேட்கலாமா?’ என்பதும் வேண்டாம். நேரே கேளுங்கள். கேள்வியில் நான்கு விஷயம் இருக்க வேண்டும்: என்ன செய்ய முயல்கிறீர்கள், என்ன செய்து பார்த்தீர்கள், என்ன நடந்தது, எந்தப் பதிப்பு எந்த இயங்குதளம். இவற்றில் முதலாவதைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். ‘கோப்புப் பெயரின் கடைசி மூன்று எழுத்தை எடுப்பது எப்படி?’ என்று கேட்பவருக்கு உண்மையில் தேவை கோப்பின் வகையைக் கண்டறிவது. கடைசி மூன்று எழுத்தை எடுத்தால் ‘ஜேபெக்’ போன்ற நான்கெழுத்து நீட்சி வரும்போது நிரல் உடைந்துவிடும். நோக்கத்தைச் சொன்னால் சரியான வழியை ஒருவர் ஒரே வரியில் காட்டிவிடுவார்.

பிழைச்செய்தியை உரையாக ஒட்டுங்கள். ஸ்க்ரீன்ஷாட்டைத் தேட முடியாது, நகலெடுக்க முடியாது, திரைவாசிப்பான் பயன்படுத்துபவரால் படிக்கவும் முடியாது. ஒட்டும் முன் லாக்கில் (நிரல் எழுதும் பதிவேட்டில்) கடவுச்சொல், டோக்கன் (கடவுச்சொல்லுக்குப் பதிலான ரகசியக் குறி) ஏதும் இருக்கிறதா என்று ஒருமுறை பாருங்கள். பொது இடத்தில் ஒருமுறை விழுந்துவிட்டால், பிறகு அழித்துப் பயனில்லை. அந்த டோக்கனையே மாற்றத்தான் வேண்டும்.

விளிப்பதில் ஒரு சின்ன விஷயம். முன்பின் தெரியாதவரை ‘சார்’ என்று எழுதுவது மரியாதை என்று நமக்குத் தோன்றும்; எதிரே இருப்பவர் பெண்ணாக இருக்கலாம், பதினாறு வயதுப் பிள்ளையாகவும் இருக்கலாம். அவர் பயன்படுத்தும் பெயரையே சொல்லி எழுதுவதுதான் இங்கே மரியாதை. நீண்ட முகமன், மன்னிப்பு, முன்கூட்டிய நன்றி எதுவும் தேவையில்லை. விடை கிடைத்ததும் ‘சரியாகிவிட்டது’ என்று எழுதி ஓடிவிடாமல், எது சரிசெய்தது என்று இரண்டு வரி எழுதுங்கள். நன்றி சொல்ல அதைவிட நல்ல வழி இல்லை.

வழு அறிக்கை எழுதுவது

1. முதலில் தேடுங்கள், மூடப்பட்ட இஷ்யூக்களிலும் சேர்த்து. பாதி வழுக்கள் அடுத்த பதிப்புக்காக ஏற்கெனவே திருத்தப்பட்டு மூடப்பட்டிருக்கும்.

2. அண்மைப் பதிப்பில் வழு இன்னும் இருக்கிறதா என்று பாருங்கள். உங்கள் இயங்குதளம் தரும் பதிப்பு இரண்டு வருடம் பழையதாக இருக்கலாம். அப்படியானால் புகார் முதலில் போக வேண்டியது அந்த இயங்குதளத்தின் தொகுப்பாளர்களிடம்.

3. வழுவைச் சுருக்குங்கள். ஐநூறு வரி நிரலில் தவறு வருகிறது என்றால் பாதியை நீக்கிப் பாருங்கள், இன்னும் வருகிறதா? மறுபடியும் பாதி. பத்துப் பதினைந்து வரியில் வந்து நிற்கும். அப்படிச் சுருக்கும்போது தவறு தன் நிரலில்தான் என்று கண்டுபிடிப்பவர்கள் கணிசம்.

4. முன்பு வேலை செய்தது இப்போது செய்யவில்லை என்றால், மாற்றங்களின் வரலாற்றை வைத்திருக்கும் கருவியான கிட்டின் ‘பைசெக்ட்’ கட்டளையைப் பயன்படுத்துங்கள். நல்ல கமிட் ஒன்று, கெட்ட கமிட் ஒன்று சொன்னால், நடுவிலுள்ளதை எடுத்துத் தரும். சோதித்துச் சொல்லச் சொல்ல வரம்பு பாதி பாதியாகக் குறையும். ஆயிரம் கமிட் இருந்தாலும் ஏறக்குறையப் பத்துச் சோதனையில் குற்றவாளி கமிட் பிடிபடும். இந்த ஒரு தகவலோடு வரும் அறிக்கை, மற்றவற்றைத் தாண்டி மேலே போய்விடும்.

5. எழுதுங்கள். தலைப்பு, வழுவைச் சொல்ல வேண்டும். ‘வேலை செய்யவில்லை!! அவசரம்’ என்பது தலைப்பல்ல. ‘பதிப்பு 2.3: கோப்புப் பெயரில் இடைவெளி இருந்தால் ஏற்றுமதி நின்றுவிடுகிறது’ என்பது தலைப்பு. உடலில், வழுவை மறுபடி வரவழைக்கும் படிகள், எதிர்பார்த்தது, நடந்தது, பதிப்பு விவரம். வார்ப்புரு கொடுத்திருந்தால் அதை அழிக்காமல் நிரப்புங்கள்.

அதே வழுவை வேறொருவர் முன்பே எழுதியிருந்தால் ‘எனக்கும்’ என்று கருத்துப் போடாதீர்கள். அந்த இஷ்யூவைப் பின்தொடரும் ஒவ்வொருவருக்கும் அது ஒரு மின்னஞ்சலாகப் போகும். கட்டைவிரல் குறியை அழுத்தினால் போதும், யாருக்கும் மடல் போகாது. உங்களிடம் புதிய தகவல் இருந்தால், வேறு இயங்குதளத்திலும் வருகிறது என்பது போல, அப்போது எழுதலாம்.

பாதுகாப்பு ஓட்டை மட்டும் இந்த முறையில் அடங்காது. அதைப் பொது இஷ்யூவில் போட்டால், திருத்தம் வருமுன்பே தாக்குபவருக்கு வழி காட்டியதாகிவிடும். செக்யூரிட்டி கோப்பில் சொன்ன முகவரிக்குத் தனியே எழுதுங்கள். எத்தனை நாளில் வெளியிடலாம் என்பதை அவர்களோடு பேசி முடிவு செய்யுங்கள். 90 நாள் என்பது பரவலாகப் புழங்கும் கெடு.

எதை எடுத்துச் செய்வது

‘குட் ஃபர்ஸ்ட் இஷ்யூ’ என்று அடையாளமிட்டவை புதியவருக்கென்றே ஒதுக்கியவை. எடுக்கும் முன் அடியில் வேறு யாராவது ‘நான் செய்கிறேன்’ என்று சொல்லியிருக்கிறார்களா பாருங்கள். சொல்லி ஒரு மாதமாகச் சத்தமில்லை என்றால், ‘இதை இன்னும் செய்துகொண்டிருக்கிறீர்களா? இல்லையென்றால் நான் தொடரலாமா?’ என்று கேட்பது முறை. நீங்களே எடுத்துவிட்டு முடியாமல் போனால் அதையும் சொல்லிவிடுங்கள். யாரும் கோபிக்க மாட்டார்கள். சொல்லாமல் காணாமல் போவதுதான் தொல்லை. அந்த வேலை பூட்டிக் கிடக்கும்.

ஐம்பது வரிக்கு மேல் போகும் மாற்றம், புதிய வசதி, புதிய நூலகச் சார்பு (வேறொருவரின் நிரலை நம்பிச் சேர்ப்பது), இவற்றை எழுதும் முன் இஷ்யூவில் பேசுங்கள். இரண்டு வாரம் எழுதி அனுப்பியதை ‘இது எங்கள் திசை இல்லை’ என்று ஒரு வரியில் மறுப்பது இரு தரப்புக்கும் வலி.

எண்ணிக்கைக்காக அனுப்புவதைத் தவிருங்கள். 2020 அக்டோபரில், ஓப்பன் சோர்ஸில் பங்களிக்க ஊக்குவிக்கும் ஹாக்டோபர்ஃபெஸ்ட் நிகழ்வில், நான்கு புல் ரிக்வெஸ்ட் அனுப்பினால் டி-ஷர்ட் என்றதும் ரீட்மீ கோப்புகளில் ஒரு சொல்லைக் கூட்டியும் குறைத்தும் ஆயிரக்கணக்கானோர் அனுப்பித் தள்ளினார்கள். சில நாளிலேயே, விருப்பம் தெரிவித்த திட்டங்களுக்கு மட்டுமே நிகழ்வு பொருந்தும் என்று நடத்தியவர்கள் விதியை மாற்ற வேண்டியதாயிற்று. எழுத்துப்பிழைத் திருத்தம் தாழ்ந்த வேலையல்ல. ஆனால் ஒரு பக்கத்தில் பத்துப் பிழை இருந்தால் பத்தையும் ஒரே புல் ரிக்வெஸ்ட்டில் திருத்துங்கள், பத்தாகப் பிரிக்காதீர்கள்.

பேட்ச் தயாரிப்பு

ஒரு புல் ரிக்வெஸ்ட், ஒரு மாற்றம். வழுத் திருத்தத்தோடு ‘போகிற போக்கில்’ நிரலிலுள்ள மாறிகளின் (வேரியபிள்) பெயர்களையும் மாற்றினால், எது எதற்காக என்று ரிவ்யூ செய்பவர் குழம்புவார். நாளை திருத்தத்தை மட்டும் திரும்பப் பெறவும் முடியாது. புதியவர் அடிக்கடி விழும் குழி, எடிட்டரின் தானியங்கி வடிவமைப்பு. மூன்று வரி மாற்றிச் சேமித்தால் அது கோப்பு முழுவதும் இடைவெளிகளை மாற்றி நானூறு வரி வேறுபாடு காட்டும். அனுப்பும் முன் கிட் ‘டிஃப்’ (மாறிய வரிகளின் பட்டியல்) எடுத்து ஒவ்வொரு வரியையும் நீங்களே படியுங்கள். நீங்கள் தொடாத வரி அதில் இருந்தால் நீக்கிவிட்டு அனுப்புங்கள்.

கமிட் செய்தியின் முதல் வரி ஐம்பது எழுத்துக்குள், ஏவல் நடையில். பிறகு ஒரு வெற்று வரி. பிறகு விளக்கம், ஒவ்வொரு வரியும் எழுபத்திரண்டு எழுத்துக்குள். இந்த எண்கள் கல்வெட்டல்ல, ஆனால் கிட் வட்டாரத்தில் பரவலான வழக்கம். என்ன மாற்றினோம் என்பது டிஃபிலேயே தெரியும். ஏன் மாற்றினோம், வேறு வழி ஏன் சரிவரவில்லை என்பதைத்தான் விளக்கத்தில் எழுத வேண்டும். ஐந்து வருடம் கழித்து அந்த வரியைப் பார்த்துக் குழம்பும் ஒருவருக்கு அது மட்டும்தான் துணை.

சில திட்டங்கள் கமிட்டின் அடியில் ‘சைன்டு-ஆஃப்-பை’ என்ற வரியும் உங்கள் பெயரும் கேட்கும். இது 2004-ல் லினக்ஸ் கெர்னலில் தொடங்கிய நடைமுறை. இந்த நிரலைத் தர எனக்கு உரிமை உண்டு என்று நீங்கள் கையெழுத்திட்டுச் சொல்வதற்குச் சமம். ஆகவே கண்ட இடத்தில் நகலெடுத்த நிரலுக்கு அதைப் போடாதீர்கள். நிபந்தனை கூடிய ஜிபிஎல் உரிமமுள்ள நிரலை, நிபந்தனை குறைந்த எம்ஐடி உரிமத் திட்டத்துக்குள் ஒட்டினால், கண்டுபிடிக்கும் நாளில் உங்கள் பகுதியை மட்டுமல்ல, அதன்மேல் கட்டியதையும் பிரித்தெடுக்க வேண்டியிருக்கும். அலுவலகக் கணினியில், அலுவலக நேரத்தில் எழுதியதென்றால் உங்கள் வேலை ஒப்பந்தத்தையும் ஒருமுறை படித்துவிடுங்கள்.

செயற்கை நுண்ணறிவுக் கருவிகள் எழுதித் தந்த நிரலைப் பற்றித் திட்டத்துக்குத் திட்டம் கொள்கை வேறு. லினக்ஸ் வழங்கல்களில் ஒன்றான ஜென்டூ 2024 ஏப்ரலில் அதை ஏற்பதில்லை என்று முடிவெடுத்தது. வேறு சில திட்டங்கள் பயன்படுத்தியதைச் சொன்னால் போதும் என்கின்றன. கொள்கை எதுவானாலும், ‘இந்த வரி ஏன் இங்கே?’ என்று கேட்டால் பதில் சொல்லத் தெரியாத நிரலை அனுப்பக்கூடாது. ரிவ்யூவின் கேள்வியை அந்தக் கருவியிடமே கொடுத்து, வந்த பதிலை அப்படியே ஒட்டுவது அதைவிட மோசம். எதிரே மனிதர் இருக்கிறார் என்று நம்பித்தான் அவர் எழுதுகிறார்.

ரிவ்யூவும் காத்திருப்பும்

புல் ரிக்வெஸ்ட்டில் சில சுருக்கங்கள் கண்ணில் படும். ‘எல்ஜிடிஎம்’ என்றால் பார்த்தேன், நன்றாக இருக்கிறது. ‘நிட்’ என்றால் சின்ன விஷயம், மாற்றினால் நல்லது, அதற்காக நிறுத்த மாட்டேன். ‘டபிள்யூஐபி’ இன்னும் முடியவில்லை. ‘நேக்’ என்றால் மறுப்பு. இவற்றைச் சுருக்கமாக எழுதுவது கோபத்தால் அல்ல. ஒரே மாலையில் பதினைந்து பேட்ச் பார்ப்பவரின் மொழி அப்படித்தான் இருக்கும். ‘இது தவறு, பூஜ்ஜியம் வந்தால் உடையும்’ என்று வந்தால், அது நிரலைப் பற்றிய வாக்கியம், உங்களைப் பற்றியதல்ல.

ஒவ்வொரு குறிப்புக்கும் பதில் தாருங்கள்: மாற்றியிருந்தால் ‘மாற்றிவிட்டேன்’, உடன்படவில்லை என்றால் காரணம். இருபது குறிப்பில் பதினெட்டைத் திருத்தி இரண்டை மௌனமாக விட்டால் மறந்தீர்களா மறுத்தீர்களா என்று அவருக்குத் தெரியாது. உடன்படாததை இப்படிச் சொல்லலாம்: ‘அந்த வழியையும் பார்த்தேன். ஆனால் கோப்பு காலியாக இருந்தால் சோதனை 12 தோற்கிறது. அதைக் கையாள வேறு வழி இருந்தால் சொல்லுங்கள், மாற்றிவிடுகிறேன்.’ ஆதாரம் இருக்கிறது, கதவும் திறந்திருக்கிறது. திருத்தங்களை அதே புல் ரிக்வெஸ்ட்டிலேயே சேர்த்து அனுப்புங்கள். மூடிவிட்டுப் புதிதாகத் திறந்தால் அதுவரை நடந்த பேச்சு முழுவதும் பின்தங்கிவிடும். ரிவ்யூ நடுவில் இருக்கும்போது கமிட்டுகளை ஒன்றாக்கி ‘ஃபோர்ஸ் புஷ்’ செய்வதை (முன்பு அனுப்பியதன் மேல் எழுதுவதை)ச் சில திட்டங்கள் விரும்பும், சில வெறுக்கும். கான்ட்ரிபியூட்டிங் கோப்பைப் பாருங்கள்.

பதில் வராவிட்டால்? கெர்னல் ஆவணம் குறைந்தது ஒரு வாரம் பொறுக்கச் சொல்கிறது. புதிய வசதிகளைச் சேர்க்கும் இரண்டு வார ‘மெர்ஜ் விண்டோ’ காலத்தில் இன்னும் கூடுதலாக. சிறு திட்டங்களில் இரண்டு வாரம் நியாயமான கணக்கு. பிறகு ஒரே ஒரு நினைவூட்டல்: ‘இதைப் பார்க்க நேரம் கிடைத்ததா? அண்மைக் கிளையோடு இன்றைக்கு ரீபேஸ் செய்துவிட்டேன் (அதன் மேல் என் மாற்றத்தை வைத்துவிட்டேன்).’ இதில் கேள்வியோடு ஒரு வேலையும் முடித்துக் காட்டப்பட்டிருக்கிறது. ‘அப்டேட் ஏதும் உண்டா??’ என்பதில் நெருக்கடி மட்டும்தான் இருக்கிறது.

நெருக்கடி கொடுப்பதன் விலை என்ன என்பதற்கு, கோப்புகளைச் சுருக்கும் எக்ஸ்இசட் கருவியில் நடந்தது சாட்சி. அதைத் தனியொருவராகக் கவனித்துவந்தவரிடம், 2022-ல் சில கணக்குகள் ‘இவ்வளவு தாமதமா, வேறு ஆளைச் சேருங்கள்’ என்று தொடர்ந்து அழுத்தம் கொடுத்தன. அப்போது உதவிக்கரம் நீட்டிப் படிப்படியாக நம்பிக்கை பெற்ற ஒரு கணக்குதான் பின்னர் 5.6.0, 5.6.1 பதிப்புகளில் பின்கதவு (ரகசியமாக உள்ளே நுழையும் வழி) வைத்தது. 2024 மார்ச்சில், எஸ்எஸ்எச் (தொலைவிலுள்ள கணினியில் நுழையும் முறை) உள்நுழைவு அரை விநாடி கூடுதலாக எடுப்பதைக் கவனித்த ஒரு நிரலாளரால் அது பிடிபட்டது. அழுத்தம் கொடுத்த கணக்குகளும் போலி என்றே பரவலாகக் கருதப்படுகிறது. இன்று ஒரு பராமரிப்பாளர் அவசரப்படுத்துகிறவரைச் சந்தேகத்தோடு பார்த்தால் அதற்குக் காரணம் இருக்கிறது.

மறுத்து மூடிவிட்டால், காரணம் புரியவில்லை என்றால் ஒருமுறை கேட்கலாம். மறுபடியும் திறந்து வாதாடுவதில் பயனில்லை. உரிமம் உங்களுக்குத் தந்திருக்கும் உரிமை வேறு: ஃபோர்க் (திட்டத்தின் தனிப் பிரதி) எடுத்து உங்கள் மாற்றத்தோடு வைத்துக்கொள்ளலாம். அது துரோகமும் அல்ல, மிரட்டலாகச் சொல்ல வேண்டியதும் அல்ல.

முடிவெடுக்கும் முறையும் திட்டத்துக்குத் திட்டம் மாறும். சிலவற்றில் ஒருவர் சொல்வதே கடைசி. அப்பாச்சி அறக்கட்டளையின் திட்டங்களில் +1 (ஆதரவு), 0 (நடுநிலை), -1 (எதிர்ப்பு) என்று வாக்களிப்பார்கள். வாக்கெடுப்பு பொதுவாகக் குறைந்தது 72 மணி நேரம் திறந்திருக்கும், உலகின் எல்லா நேர மண்டலத்தவரும் பார்க்க வேண்டும் என்பதற்காக. நிரல் மாற்றத்துக்கு -1 போடுபவர் தொழில்நுட்பக் காரணம் சொல்லியாக வேண்டும். இல்லையேல் அந்தத் தடை செல்லாது.

சச்சரவு வந்தால்

சூடான பதிலை எழுதிவிட்டு அனுப்பாமல் மறுநாள் காலை வரை வையுங்கள். நீங்கள் தவறியிருந்தால் ‘தவறு என்னுடையது, திருத்திவிட்டேன்’ என்பது போதும். ‘யாரையாவது புண்படுத்தியிருந்தால்’ என்று இழுக்க வேண்டாம்.

உங்களை ஒருவர் அவமதித்தால் அதே இடத்தில் மல்லுக்கு நிற்காதீர்கள். இணைப்பு, தேதி, ஸ்க்ரீன்ஷாட் மூன்றையும் எடுத்துவைத்து (இங்கே ஸ்க்ரீன்ஷாட் தேவை, பதிவை அவர் அழித்துவிடலாம்) நடத்தை விதியில் உள்ள முகவரிக்கு எழுதுங்கள். என்ன நடந்தது, யார் பார்த்தார்கள், இன்னும் தொடர்கிறதா, உங்கள் பெயர் வெளியே தெரியலாமா என்பதைச் சொல்லுங்கள். புகார் அந்தக் குழுவிலுள்ள ஒருவரைப் பற்றியதே என்றால், அவரைத் தவிர்த்து மற்றொருவருக்குத் தனியே அனுப்புங்கள். கான்ட்ரிபியூட்டர் காவனன்ட்டின் 2.0 பதிப்பு நடவடிக்கையை நான்கு படியாக வைத்திருக்கிறது: திருத்திச் சொல்வது, எச்சரிக்கை, தற்காலிகத் தடை, நிரந்தரத் தடை. முதல் படியிலேயே முடிந்துவிடுபவையும் உண்டு. எடுத்த நடவடிக்கை முழுவதையும் உங்களிடம் சொல்லாமலும் இருக்கலாம். எதிர்த்தரப்பின் தனியுரிமையையும் அவர்கள் காக்க வேண்டியிருக்கிறது.

மெர்ஜ் ஆன பிறகு

உங்கள் மாற்றம் மெர்ஜ் ஆனதும், அதாவது திட்டத்தோடு இணைந்ததும், அதற்காக எடுத்த கிளையை நீக்குங்கள். உங்கள் மாற்றம் இடம்பெறும் பதிப்பு வெளிவந்து முதல் இரண்டு வாரம் புதிய இஷ்யூக்களைக் கவனியுங்கள். உங்கள் வரியால் ஏதாவது உடைந்திருந்தால் அதை முதலில் புரிந்துகொள்ளக்கூடியவர் நீங்கள்தான். பிறகு, காத்திருக்கும் புல் ரிக்வெஸ்ட் ஒன்றை எடுத்து, உங்கள் கணினியில் ஓட்டிப் பார்த்து, எந்த இயங்குதளத்தில் சோதித்தீர்கள், எது சரியாக ஓடியது, எது ஓடவில்லை என்று எழுதுங்கள். அதற்கு மெர்ஜ் செய்யும் அதிகாரம் தேவையில்லை, யாரும் அழைக்கவும் தேவையில்லை. வரிசையில் பின்னால் நிற்கும் உங்கள் அடுத்த பேட்ச்சும் கொஞ்சம் முன்னால் நகரும்.